ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்கள்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

தாமிரபரணி செல்வம்:

எங்கள் ஊர் மாதமிருமுறை இதழின் ஆசிரியரைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பல வருடமாக மனதில் கிடக்கிறது. கம்பாசிட்டராகத் தொடங்கியவர். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வலது கை விரல் நுனி கறுத்தே இருக்கும். பிறகு சொந்தமாக ட்ரெடில் மெஷின் போட்டு, கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்த காசில் இதழ் நடத்தினார். எங்கள் சாதிச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

1993-ல் அக்கா வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். 'காணவில்லை' விளம்பரம் கொடுக்கச் சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்காவின் போட்டோ, பையன் பெயர், அவன் தெரு, எல்லாம் எழுதிய தாள், மேலே பணம். ஆசிரியர் வாசித்தார். போட்டோவை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"இருபது."

"அப்போ காணாமப் போகலை வே. அது போயிருக்கு. இந்தத் தெருப் பேரை நான் அச்சுல ஏத்தினா அடுத்த இதழ்ல ரெண்டு சாவுச் செய்தி போடணும்."

"சங்கத்துல இருந்துக்கிட்டு நீங்களே இப்படிச் சொல்லலாமா அண்ணாச்சி?" என்றார் சித்தப்பா.

"சங்கத்துல இருக்கேன். அதனாலதான் யாரு அரிவாளை எடுப்பான்னு எனக்குத் தெரியும்."

அந்தப் பதில்தான் இன்னும் என்னை விடவில்லை. சாதிப் பெருமை பேசும் தலையங்கங்களை எழுதியதும் அவரேதான். அப்படிப்பட்டவருக்கு அன்று அந்தப் போட்டோவைக் கவிழ்த்து வைக்க எப்படித் தோன்றியது? உங்கள் ஊரில் இப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

பாலாற்று மணல்:

செல்வம், உங்கள் அக்கா தப்பித்ததில் உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் ஒரு நாள் மறுத்ததற்காக அவர் வருடம் முழுக்க எழுதியதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. அந்த அரிவாளைத் தீட்டியதில் அந்தத் தலையங்கங்களுக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் ஆசிரியர் நேர் எதிர். பகுத்தறிவாளர், கறுப்புச் சட்டை. ராசிபலன் போட்டால் விற்பனை கூடும் என்று ஏஜென்ட்டுகள் கெஞ்சியும் போடாதவர். கலப்புத் திருமணத்தை முன்னே நின்று நடத்துவார். கொள்கையில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஆனால் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் இறங்கி எங்கள் கிணறெல்லாம் உப்பாகிக் கொண்டிருந்தபோது அவர் இதழில் ஒரு வரி வரவில்லை. பின்னட்டை விளம்பரம் யாருடையது என்று பார்த்தால் காரணம் புரியும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எங்க வீட்டுக் கிணறும் இதே நிறம்தாம்பா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் டீ சொல்லி அனுப்பினார்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த வாரம் அவரும் முதல் பக்கத்தில் போட்டார். தீர்ப்பு வந்த பிறகு யார்தான் போட மாட்டார்கள்? ஆகவே ஒரு ஆசிரியரின் நம்பிக்கை என்ன, எந்தக் கட்சி, எந்தச் சாமி என்று நான் இப்போது கேட்பதில்லை. காகிதத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

வலிகாமத்து மருமகன்:

பாலாற்று மணல் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் காசு மட்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஆசிரியராக இருப்பதற்கே உயிர் விலையாக இருந்த காலம் ஒன்று உண்டு.

யாழ்ப்பாணம் 'உதயன்' நாளிதழ் 1985-ல் தொடங்கியது. 2006 மே 2 இரவு ஆயுததாரிகள் அதன் கந்தோருக்குள், அதாவது அலுவலகத்துக்குள், புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர நாள், யுனெஸ்கோவின் விழா கொழும்பிலேயே நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பிரதம ஆசிரியர் ம. வ. கானமயில்நாதன் வெளியே நடமாட முடியாமல் வருடக்கணக்காகக் கந்தோருக்குள்ளேயே தங்கிப் பத்திரிகையை நடத்தினார். 2021 நவம்பரில்தான் காலமானார். அவர் எந்தப் பின்னட்டையைப் பார்த்து அப்படி இருந்தார் என்று சொல்லுங்கள்.

நான் அங்கே போனது அப்பம்மாவின் மரண அறிவித்தல் கொடுக்க. சுவரில் சூட்டுத் துளைகள் பூசப்படாமல் அப்படியே இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்க, விளம்பரம் எடுத்தவர் "தம்பி, கனடாவில் இருக்கிற மகன்ர பேர் விடுபட்டிருக்கு" என்றார். அவசரத்தில் எழுதியதில் பெரியப்பாவின் பெயர் வரவில்லை. செத்தவீட்டுக்கே வர முடியாத மனிசன். பேப்பரிலும் பேர் இல்லையென்றால் எப்படித் தாங்கியிருப்பார்? எங்கள் குடும்பத்தை முன்பின் தெரியாத ஒருவர், அந்தச் சுவருக்கு முன்னால் இருந்துகொண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சரி பார்த்திருக்கிறார். ஊர்ப் பத்திரிகை என்றால் எனக்கு நினைவு வருவது இதுதான்.

வைகை நாகு:

எங்கள் பக்கத்து ஆசிரியர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சகத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்தித்தாளை உரக்க வாசிக்கச் சொல்வார். 'ழ' சரியாக வரும்வரை விடமாட்டார். எனக்கு நாக்கு திருந்தியது அங்கேதான்.

பாலாற்று மணல் அவர்களுக்கு ஒரு விஷயம். இப்போது யாருக்காவது இப்படி நேர்ந்தால் பாட்டிலோடு போய் நிற்பது போதாது. முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் கட்டாயம், அதை யாரும் படிப்பதில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்களுக்கு நான்கு மாதத்துக்குள். போட வேண்டிய செய்தியைப் போடவில்லை என்றும் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதமோ சிறையோ விதிக்க முடியாது. பல்லில்லாத அமைப்பு என்பார்கள். இருந்தாலும் சின்ன ஊரில் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் ஆசிரியரே வீடு தேடி வந்து பேசுவார், நான் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதி, பக்க எண், நடந்தது மட்டும் போதும்.

பாலாற்று மணல்:

நாகு சார், 1996-க்கு முன்னால் நடந்ததற்கு இப்போது பதிவுத் தபால் எதற்கு? வலிகாமத்துத் தம்பி, கானமயில்நாதன் போன்றவர்களை நான் எங்கள் ஊர்க்காரரோடு சேர்க்கவே இல்லை. உயிர்ப் பயம் இருந்தவர்கள் எழுதினார்கள். விளம்பரப் பயம் மட்டுமே இருந்தவர் எழுதவில்லை. என் ஆற்றாமை அதில்தான்.

தாமிரபரணி செல்வம்:

எல்லோருக்கும் நன்றி. பாலாற்று மணல், தலையங்கங்கள் பற்றி நீங்கள் சொன்னதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் உங்கள் கட்சி. "என்னைக் காப்பாத்தினாரு, சரி. வேற யாரோட பிள்ளைக்கோ அந்த எழுத்தாலேயே என்ன நடந்துச்சோ" என்கிறாள். அத்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு.

ஆசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய இதழ்கள் எல்லாம் அச்சக மாடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, கீழே உள்ளவை செல்லரிக்கத் தொடங்கிவிட்டன. மகன் எடைக்குப் போடப் போகிறேன் என்கிறார். நல்லதும் கெட்டதுமாக அவர் எழுதியது அத்தனையும் அதில்தான் இருக்கிறது. பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் இப்படிச் சிறு ஊர் இதழ்களை வாங்கிக்கொள்வார்களா? அங்கே பழக்கம் உள்ளவர்கள் சொன்னால் இந்த மாதமே மகனிடம் பேசி எடுத்து வைத்துவிடுவேன்.