பெட்ராவில் அம்மா பார்த்த வாய்க்கால்

போன நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜோர்டான் போயிருந்தேன். அம்மாவுக்கு 64 வயது, முட்டி வலி வேறு. சவக்கடலில் மிதந்தோம், வாதி ரம் பாலைவனத்தில் ஒரு ராத்திரி தங்கினோம், மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த ஆட்டுக்கறி சாப்பிட்டோம். எல்லாமே அருமை. ஆனால் மனசில் நிற்பது மலைப்பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ராதான்.

உள்ளே போக ‘சிக்’ என்ற மலையிடுக்கு வழியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, மேலே வானம் ஒரு கோடு மாதிரி தெரியும். பேட்டரி வண்டி உண்டு. அம்மா நடந்தே வருவேன் என்றார். பாதி வழியில் காணோமே என்று திரும்பினால், இடதுபக்கப் பாறையில் இடுப்பளவு உயரத்தில் வெட்டியிருந்த வாய்க்காலில் கையை வைத்துத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

“வாட்டம் பார்த்து வெட்டியிருக்கான் பாருடா. எங்கேயும் தண்ணி தேங்காது.”

அம்மா வாய்க்கால் பாசன ஊரில் பிறந்தவர். யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். 2,000 வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரை உருவாக்கிய நபட்டேயர்கள் மூசா ஊற்றுத் தண்ணீரை இப்படித்தான் ஊருக்குள் கொண்டுபோனார்கள். எதிர்ப்பக்கப் பாறையில் சுட்ட மண்குழாய்கள். மழை பெய்தால் இந்த இடுக்கே ஆறாகிவிடும் என்பதால் வெள்ளத்தைத் திருப்பிவிட வாசலில் அணையும் சுரங்கமும் வைத்திருந்தார்கள். பின்னால் அதெல்லாம் தூர்ந்துபோய், 1963-இல் வந்த திடீர் வெள்ளத்தில் சுற்றுலா வந்தவர்கள் பலர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் புது அணை கட்டினார்கள்.

இடுக்கு முடிகிற இடத்தில் திடீரென்று ரோஜா நிறத்தில், பாறையிலேயே செதுக்கிய கஸ்னா. பெயர் கருவூலம், உள்ளபடி அது கல்லறை. உச்சியில் இருக்கும் கல் ஜாடிக்குள் புதையல் இருப்பதாக நம்பி, பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் துப்பாக்கியால் சுட்ட தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

அதையும் தாண்டி மலைமேல் அத்-தெய்ர் என்ற இன்னொரு பாறைக் கட்டடத்துக்கு 800 படிக்குக் குறையாது. பாதியில் அம்மாவுக்கு முடியவில்லை. அங்கே ஒரு பெதூயின் பாட்டி கம்பளம் விரித்து டீக்கடை வைத்திருந்தார். அம்மாவின் முட்டியைப் பார்த்ததும் தன் முட்டியைத் தட்டிக் காட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவருக்கு அரபி, அம்மாவுக்குத் தமிழ். கையாலேயே பேரன் பேத்தி கணக்குவரை பேசி முடித்துவிட்டார்கள். மரமியா இலை போட்ட டீ, சர்க்கரை தாராளம். காசு வாங்கவே இல்லை.

குடித்து முடித்ததும் பாட்டி சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் நாலு கிளாஸையும் அலசினார். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை, டப்பாவில் வளர்த்திருந்த செடிக்கு ஊற்றினார்.

நான் அந்த நேரத்தில் பாட்டில் தண்ணீரைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகி, பாட்டியிடம் கொடுத்துவிட்டார்.