அளவுக் குடுவையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, தரம் பார்த்தாலும் அளவுகள் ஒத்துவரவில்லை. எங்கே தவறினேன்?

முதலாண்டு மாணவன்:
வணக்கம். 250 மி.லி. அளவுக் குடுவையில் (கழுத்தில் ஒரே கோடு போட்டது) 0.05 மோலார், அதாவது லிட்டருக்கு 0.05 மோல், ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரித்தேன். எடை 1.576 கிராம், அதில் சந்தேகமில்லை. முக்கால் குடுவை நீர் ஊற்றியும் படிகங்கள் கரைய மறுத்ததால், குடுவையையே கம்பிவலை மேல் வைத்துச் சூடேற்றினேன். கரைந்த கையோடு கோடு வரை நீர் ஊற்றி மூடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் மட்டம் ஒரு விரற்கடை கீழே நிற்கிறது! தொடப் பயந்து, அப்படியே 20 மி.லி. எடுத்து, அதை நடுநிலையாக்க எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு காரம் செலவாகிறது என்று தரம் பார்த்தேன். 20.4, 20.7, 20.5 மி.லி. என்று வருகிறது. அதே காரத்தை வைத்துப் பக்கத்து மேசைக்காரர் தம் அமிலத்துக்கு மூன்று முறையும் 20.0 எடுத்துவிட்டார்.

அவசரக்காரன்:
ஆவியாகியிருக்கும். மூடியை மாற்றிப் பாருங்கள்.

பழைய பிப்பெட்:
மூடிய கழுத்து வழியாக ஒரே இரவில் அவ்வளவு ஆவியாகாது. தம்பி, நீங்கள் சூட்டோடு கோடு பிடித்திருக்கிறீர்கள். குடுவையின் வயிற்றில் 20° செ. என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். கோடு அந்த வெப்பநிலைக்கு மட்டுமே உண்மை பேசும். 50 டிகிரியில் 250 மி.லி. நிற்கும் நீர் 20 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 2.5 மி.லி. சுருங்கும். கழுத்தின் உள்விட்டம் 1.5 செ.மீ. என்றால் அது 1.4 செ.மீ. இறக்கம். உங்கள் விரற்கடைக் கணக்கு சரிதான்.

கரைசல் ஒரு சதவீதம் அடர்ந்துவிட்டது. ஆகவே 20.0 வர வேண்டிய இடத்தில் 20.2 வரும். ஆனால் இந்தப் பிழை மூன்று முறையும் ஒரே அளவில்தான் வரும். உங்கள் அளவுகளோ தமக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். தரம் பார்க்க அமிலத்தை ஊற்றிய கூம்புக் குடுவையை எதைக் கொண்டு அலசினீர்கள்?

முதலாண்டு மாணவன்:
காரத்தைச் சொட்டவிடும் பியூரெட்டைக் காரத்தாலும் அமிலத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டை அமிலத்தாலும் அலசச் சொன்னார்கள் ஐயா. கூம்புக் குடுவையையும் விடுவானேன் என்று அமிலத்தாலேயே அலசினேன்.

பழைய பிப்பெட்:
அகப்பட்டது! பிப்பெட் 20 மி.லி. அளந்து கொடுத்துவிட்டது. அதற்குமேல் கூம்புக் குடுவையின் சுவரில் ஒட்டிய அமிலம் யார் கணக்கு? 0.3 மி.லி. ஒட்டியிருந்தால் காரமும் 0.3 கூடுதலாகச் செலவாகும். ஒவ்வொரு முறையும் ஒட்டுவது ஒரே அளவாகவும் இருக்காது. அந்தக் குடுவைக்கு வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) மட்டும் போதும். உள்ளே ஈரம் இருந்தாலும் பாதகமில்லை. நீர் அமிலத்தின் மோல் எண்ணிக்கையை மாற்றாது.

இன்னொன்று: காலையில் ஒரு சொட்டும் எடுக்காமல், ஆறிய கரைசலில் கோடு வரை நீர் சேர்த்துக் குலுக்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். இப்போது பாதி எடுத்தாகிவிட்டது, புதிதாகத் தயாரியுங்கள். இம்முறை முகவையில் சூடேற்றிக் கரைத்து, ஆறவிட்டு, புனல் வழியாக ஊற்றி, முகவையையும் புனலையும் இரண்டு மூன்று முறை கழுவி அந்த நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு செ.மீ. சொட்டுச் சொட்டாக, பிறைத்தளத்தின் (நீரின் வளைந்த மேற்பரப்பின்) அடி கோட்டைத் தொட வேண்டும், கண்ணும் அதே மட்டத்தில்.

அவசரக்காரன்:
சூடேற்றிய குடுவையைத் தூக்கி எறிய வேண்டாமா?

உடைந்த புனல்:
எறிவதற்கு முன் சோதிக்கலாமே. காலிக் குடுவையைக் காயவைத்து எடை பாருங்கள். 20 டிகிரி நீரைக் கோடு வரை நிரப்பி மீண்டும் பாருங்கள். வித்தியாசம் 249.3 கிராமை ஒட்டி வர வேண்டும். ஏ வகுப்புக் குடுவையில் (துல்லியம் கூடிய வகை) 0.15 மி.லி. கூடக் குறைய இருக்கலாம்.

ஆனால் சூடேற்ற இதை இனி எடுக்காதீர்கள். அதற்கென்றே இருப்பது உருண்டை அடிக் குடுவை. மூலை கிடையாது, சூட்டின் இறுக்கம் ஒரே இடத்தில் சேராது. அதனால்தான் வாலை வடிப்பதற்கும் அதையே எடுக்கிறோம். கூம்புக் குடுவை கம்பிவலை மேல் மிதமான சூட்டைத் தாங்கும், ஆனால் அதை உறிஞ்சு பம்பில் மாட்டாதீர்கள். தட்டை அடி உள்ளே நொறுங்கிவிடும். வெற்றிடத்துக்குத் தடித்த சுவரும் பக்கக் குழாயும் உள்ள வடிகட்டு குடுவை தனியாக இருக்கிறது. அது வெற்றிடம் தாங்கும், சூடு தாங்காது. ஜெர்மானிய வேதியியலாளர் எர்லன்மையர் 1860இல் அறிமுகப்படுத்திய கூம்பு வடிவம் சுழற்றிக் கலக்கும்போது தெறிக்காமல் இருப்பதுதான் தரம் பார்ப்பவனுக்கு வரம். பக்கத்தில் 250 என்று கோடு இருந்தாலும் அது தோராயம்தான். அதை நம்பி அளக்காதீர்கள்.

முதலாண்டு மாணவன்:
குடுவையை நிறுத்துப் பார்த்தேன், 249.2 கிராம். பிழைத்துக்கொண்டது. புதிய கரைசலுக்கு 20.1, 20.0, 20.0. முகவையில் கரைத்துவிட்டு ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் காத்திருந்ததுதான் பெரும்பாடு.