மயக்க மருந்து: உங்களுக்கு எப்படி இருந்தது?

மருந்தியல் ஆசிரியை

காபா ஏற்பியைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுக்கிறேன். காபா என்பது மூளையை அடக்கும் வேதிப்பொருள், அது வந்து ஒட்டும் புரதம்தான் ஏற்பி. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நிற்கும், நடுவே ஒரு துளை. காபா வந்து ஒட்டினால் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், நியூரான் என்ற நரம்புச் செல் அடங்கும். மூளையின் முதன்மையான தடுப்பு ஏற்பி இதுதான். மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை இதைத்தான் பிடிக்கின்றன. பலகையில் படம் போட்டு முடித்ததும் மாணவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அப்போது நமக்கு எப்படி இருக்கும்?” பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

எனக்குக் கொடுத்தது புரோபோஃபால். அது தண்ணீரில் கரையாது. அதனால் சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்த்து வெள்ளைக் குழம்பாகத் தயாரிக்கிறார்கள். ஊசி ஏறியதும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுரீரென்று எரிந்தது. எரிச்சல் தோள் வரை போனதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடுத்து நினைவிலிருப்பது செவிலியர் என் பெயரைச் சொல்லி எழுப்பியதுதான். தூங்கி எழுந்தால் நேரம் போயிருக்கிறது என்ற உணர்வாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்.

எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்

எனக்கு மிடசோலம். நான் தூங்கவே இல்லையாம்! “திரும்பிப் படுங்கள்” என்றதும் திரும்பியிருக்கிறேன். வெளியே வந்த பிறகு “இன்னும் ஆரம்பிக்கவில்லையா?” என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் பதில் சொல்லச் சொல்ல, மறுபடியும் அதே கேள்வி. ஊசி போடுவதற்கு முன் பார்த்த பச்சைத் திரைகூட நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. விழித்திருந்து பேசியவனுக்கு நினைவு மட்டும் எப்படிப் போகும்? உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடிக்கவில்லை.

மருந்தியல் ஆசிரியை

மிடசோலம் தானாகத் துளையைத் திறப்பதில்லை, ஐயா. ஆல்ஃபா, காமா என்ற இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறக்க வருகிறவரின் கைக்கு வலுச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். திறக்க வேண்டியது காபாதான். வழக்கமான அளவில் ஆழ்ந்த மயக்கம் வராமல், புதிய நினைவுகள் பதிவது மட்டும் தடைப்படுவது இதனால்தான். பழைய நினைவுகளை அது தொடாது, உங்கள் பச்சைத் திரை தப்பியது அப்படித்தான். அதே இடுக்கில் போட்டியிட்டு மிடசோலத்தைத் தள்ளிவிட ஃபுளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. புரோபோஃபாலுக்கு அப்படி ஒன்று இல்லை. அது ஒட்டுவது வேறு இடத்தில், செல் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில்.

நரம்பு மின்னியல் ஆய்வாளர்

நான் மயக்கத்துக்குப் போனவன் அல்லன், அதை அளந்து பார்ப்பவன். எலி மூளையின் மெல்லிய சீவலை உப்புக் கரைசலில் வைத்து, கண்ணாடி நுண்குழாயின் முனையை ஒரே ஒரு நியூரானில் ஒட்டவைப்போம். காபா ஏற்பியின் துளை வழியே பாயும் தடுப்பு மின்னோட்டம் திரையில் சிறு சிறு பள்ளங்களாக ஓடும். ஒவ்வொன்றும் சடாரென்று இறங்கி, சற்று மெதுவாக மேலேறும். புரோபோஃபால் கலந்த கரைசல் வந்து சேர்ந்ததும் பள்ளத்தின் ஆழம் அவ்வளவாக மாறாது. ஏறுகிற பக்கம்தான் இழுபடும். முன்பு சட்டென்று மூடிய துளை இப்போது மூட மனமில்லாமல் நிற்கிறது. கூடவே, பள்ளங்களுக்கு நடுவே ஓடும் அடிக்கோடும் மெல்ல இடம் மாறும். சினாப்சுக்கு, அதாவது இரு நியூரான்கள் சந்திக்கும் இடத்துக்கு, வெளியே உள்ள ஏற்பிகள் இடைவிடாமல் கசியத் தொடங்கிவிட்டன என்று அதற்குப் பொருள். அளவை இன்னும் கூட்டினால் காபாவே தேவையில்லை, மருந்தே துளையைத் திறந்துவிடும். கடைசியில் துளையை அடைக்கும் பிக்ரோடாக்சினை விட்டால் எல்லாம் நின்று வெறும் கோடாகிவிடும். எப்போது பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இந்தத் தெளிவு நெடுங்காலம் இருக்கவில்லை. 1899இல் மேயர், 1901இல் ஓவர்டன் என்ற ஆய்வாளர்கள், ஒரு மயக்க மருந்து ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு வீரியம் என்று காட்டினார்கள். அதனால் மருந்து வேலை செய்வது செல் சவ்வின் கொழுப்பில்தான் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1984இல் ஃபிராங்க்ஸ், லீப் என்ற ஆய்வாளர்கள் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதியை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கொழுப்பே கிடையாது. ஆனாலும் மயக்க மருந்துகள் அதை அடக்கின, அதுவும் ஏறக்குறைய அதே வீரிய வரிசையில். பார்வை புரதத்தின் பக்கம் திரும்பியது.

என்னைப் பொறுத்தவரை வழக்கை முடித்தது 2003இல் வெளியான சுண்டெலி ஆய்வு. காபா ஏற்பியின் பீட்டா-3 துண்டில் 265ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். புரோபோஃபாலோ எட்டோமிடேட் என்ற இன்னொரு மயக்க மருந்தோ கொடுத்த பின் பாதத்தைக் கிள்ளினால் சாதாரண எலி அசையாது. இந்த எலி காலை இழுத்துக்கொண்டது!

கால்நடை மருத்துவர்

எல்லாவற்றையும் காபா கணக்கில் எழுதிவிடாதீர்கள். கெட்டமைன் கொடுத்த பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்கள் அகலத் திறந்திருக்கும், பாவை விரிந்திருக்கும். கால்கள் தளராமல் விறைத்து நிற்கும். எச்சிலைக்கூட விழுங்கும். இமை மூடாததால் கருவிழி காய்ந்துவிடாமல் களிம்பு தடவுவோம். “டாக்டர், இது என்னையே பார்க்கிறது” என்று வளர்ப்பவர்கள் பதறுவார்கள். அது எதையும் பார்க்கவில்லை. கெட்டமைன் தடுப்பை வலுப்படுத்தும் மருந்தன்று. மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை அடைப்பது. நைட்ரஸ் ஆக்சைடும் செனானும் பெருமளவு அந்த வழிதான். தசை விறைப்பைத் தணிக்க, மிடசோலத்தின் இனமான டயஸெபாம் போன்ற ஒன்றைச் சேர்ப்போம், அங்கே உங்கள் காபா வந்துவிடுகிறது. தெளியும்போது இருட்டான அறையில், யாரும் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றவர்

கெட்டமைன் எனக்கும் கொடுத்தார்கள். கூரை முகத்துக்கு மிக அருகில் இறங்கி வந்தது. யாரோ ஒருவருடைய கையை நிமிர்த்துகிறார்கள் என்று தெரிந்தது; அது என் கை என்பது பிறகுதான் புரிந்தது. வலி இல்லை. ஆனால் இன்னொரு முறை வேண்டாம்.

ஒரு குழந்தையின் தாய்

மகனுக்கு முகமூடி வழியாகச் செவோஃபுளூரேன். சில மூச்சுகளிலேயே கண்கள் மேலே செருகின. பிறகு கைகால்களை உதறி என்னை உதைத்தான். “இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள்” என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தும் என் உயிர் என்னிடம் இல்லை. முடிந்து கண் விழித்தபோதும் அலறினான், என்னை அடையாளம் தெரியவில்லை. அடக்குகிற மருந்து என்றால் ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?

மயக்கவியல் நிபுணர்

அம்மா, தடுக்கிற நியூரான்களையும் தடுக்கிற நியூரான்கள் மூளையில் உண்டு. மருந்தின் அளவு குறைவாக இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் முதலில் அடங்குவது கடிவாளம் பிடிப்பவையாக இருந்துவிட்டால், மற்றவை துள்ளும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அளவு கூடியதும் அதுவும் அடங்கிவிடும். விழிக்கும்போது வரும் அலறல் சிறு பிள்ளைகளிடம் அதிகம்; பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணியும், அவர்களுக்கு அது நினைவிலும் இருப்பதில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. திரையைப் பார்த்தாலே மருந்து தெரிந்துவிடும். புரோபோஃபால் என்றால் நெற்றிப் பகுதியில் விநாடிக்கு 8 முதல் 12 வரையிலான ஒழுங்கான அலைகள், அவற்றின் அடியில் மிக மெதுவாக ஏறி இறங்கும் பேரலை. முதியவர்களிடம் அந்த ஒழுங்கான அலை மெலிந்திருக்கும், மருந்தும் குறைவாகவே தேவைப்படும். அளவு மிஞ்சினால் திரை இடையிடையே தட்டையாகும், உடனே குறைப்போம். கெட்டமைன் சேர்த்தால் மயக்க ஆழம் காட்டும் எண் ஏறிவிடும். நோயாளி விழிக்கிறார் என்று அதை நம்பி மருந்தைக் கூட்டுவது தவறு.

நடுவில் விழித்துவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2014இல் பிரிட்டனில் வெளியான பெரிய கணக்கெடுப்பில், நோயாளிகள் தாமாகச் சொன்னவை ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒன்று. தசை தளர்த்தும் மருந்து சேர்த்த சிகிச்சைகளிலேயே அது அதிகம். அந்த மருந்து மூளையைத் தொடுவதில்லை, தசையைத்தான் முடக்குகிறது. அசையாமல் கிடப்பது வேறு, உணர்வில்லாமல் இருப்பது வேறு.

எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்

எனக்கு மறுபடியும் செய்ய வேண்டுமாம். இந்த முறை மிடசோலம் வேண்டாம் என்று சொல்லலாமா?

மயக்கவியல் நிபுணர்

தாராளமாகச் சொல்லுங்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்து மட்டும் செய்துகொள்பவர்கள் பலர். ஆனால் ஒன்று: தினமும் மது அருந்துபவரோ தூக்க மாத்திரை போடுபவரோ என்றால் அதை மறைக்காதீர்கள். அவையும் பெரும்பாலும் இதே காபா ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. ஏற்பி அதற்குப் பழகியிருந்தால் வழக்கமான அளவு போதாது. உங்கள் மனைவி எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டே கேட்கிறோம்.