கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் படித்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கொக்குவில், யோகா ரீச்சர்:

நானே தொடங்குகிறேன். முன்பு யோகா மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவருக்கு ஏழாம் மாதம். அவருக்கென்று தனியாக என்ன செய்வது என்று தெரியாததால், எல்லாரையும் போல அவரையும் கடைசியில் சவாசனத்தில் நிமிர்ந்து படுக்க விட்டேன். ஐந்து நிமிடம் இருக்காது, "ரீச்சர், கண்ணைக் கட்டுது" என்றார். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை. இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்ததும் சரியாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை இல்லை.

நிமிர்ந்து படுத்தால் கருப்பையின் பாரம், இதயத்துக்கு இரத்தம் திரும்பிப் போகும் பெரிய நாளத்தை அழுத்தும். 20 வாரத்துக்குப் பிறகு நீண்ட நேரம் அப்படிப் படுக்க விடக்கூடாது என்பது பிறகு படித்தது.

அந்தப் பயத்தில்தான் பயிற்றுவிப்பாளர் படிப்பில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து சூமில் பாடம், செய்முறை இங்கே. முதல் மாதம் ஒரு அசைவுகூடச் சொல்லித் தரவில்லை. இரத்தம் பட்டதா, நீர் கசிகிறதா, பிரஷர் இருக்கிறதா, நச்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கானில் சொன்னார்களா என்று கேள்விகள்தான். காசு கட்டினது இதுக்கோ என்று எரிச்சல் வந்தது. இப்போது அந்தக் கேள்விகள் இல்லாமல் ஒருவரையும் பாயில் இருத்துவதில்லை. இடையில் தலைச்சுற்று, நெஞ்சுநோ, தாங்க ஏலாத தலையிடி, கெண்டைக்காலில் நோவும் வீக்கமும், இரத்தம், நீர், விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வயிற்று நோ, இதில் எது வந்தாலும் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். நேரே ஆஸ்பத்திரி.

ஒரு இடத்தில் மட்டும் பாடத்தை நானே மாற்ற வேண்டியிருந்தது. சலப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சிக்கு, "லிப்டில் ஒவ்வொரு மாடியாக ஏறுவது போல மேலே இழுங்கள்" என்று சொல்லித் தந்தார்கள். இங்கே அதைச் சொன்னேன்; எல்லாரும் தோளைத் தூக்கினார்கள்! அப்புறம் கிணற்று வாளிக்கு மாறினேன். சலத்தையும் காற்றையும் அடக்குவது போல உள்ளே இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே வாளியை இழுங்கோ, மேலே கொஞ்சம் பிடியுங்கோ, பிறகு கயிறு வழுக்காமல் மெல்ல இறக்குங்கோ. இறக்குவதுதான் பலருக்கு வராது. தொப்பென்று விடுவார்கள், அல்லது விடவே தெரியாமல் இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை வெளியே வர அந்தத் தசை இளகத்தானே வேண்டும்.

சாவகச்சேரி, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

நான் படிப்பித்தவள் இல்லை, படித்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே துள்ள விட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று தரம் கழிவறைக்குப் போனேன். இருமினாலும் சலம், சிரித்தாலும் சலம். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று அம்மா சொன்னதை நம்பி, கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு போவேன்.

பிறகு போன ரீச்சர் ஆட்களுக்கு முன் எதுவும் கேட்கவில்லை. ஒரு தாளைத் தந்தார். நாரிநோவா, சீசரா, மலச்சிக்கலா என்ற கேள்விகளுக்கு நடுவே சலம் கசிகிறதா என்றும் ஒரு பெட்டி இருந்தது. சரி போட்டுவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தேன். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு, அதை வாயால் சொல்ல வந்திராது.

முழங்காலை மடித்துப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார். இரண்டரை விரல் புதைந்தது, பிசைந்த மாவில் புதைவது மாதிரி. வயிற்றுத் தசை நடுவில் விலகி நின்றிருக்கிறது. நானோ அது தெரியாமல், வயிறு குறையட்டும் என்று வீட்டில் எழும்பி எழும்பிப் படுத்துக்கொண்டிருந்தேன்.

வலிகாமம், குடும்பநல உத்தியோகத்தர்:

ரீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். கிளினிக் கார்டைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கோ. பிரஷர், எச்.பி. (இரத்தச்சோகையைக் காட்டும் அளவு), சீனி எல்லாம் அதில் எழுதியிருக்கும். கடுமையான இரத்தச்சோகை உள்ள தாயை வியர்க்க வைத்துவிட்டு எங்களிடம் அனுப்பவேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். "எங்களிட்ட வந்தா நோர்மல் டெலிவரிதான்" என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். பிறகு சீசர் ஆனவள் தன்னில்தான் பிழை என்று என்னிடம் அழுகிறாள். பயிற்சியால் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்புக் குறையும், எடை அளவுக்கு மிஞ்சி ஏறாது, மனதுக்கும் நல்லது. அதைச் சொன்னாலே போதுமே.

திருநெல்வேலி, பழைய ஏரோபிக்ஸ்காரி:

எனக்குப் படிப்பித்தவர் கர்ப்பிணிகளின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டக்கூடாது என்றார். நானும் ஆளாளுக்கு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் சங்கம் 1985இல் சொல்லி, 1994இல் தானே கைவிட்ட கணக்கு அது என்பது புதுப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரியும்! இப்போது கதை கொடுத்துப் பார்க்கிறேன். கதைக்கக்கூடியதாக இருக்கவேண்டும், பாட ஏலாமல் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, தடை ஏதும் இல்லாதவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு. பின்னேரம் கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் வேகமாக நடப்பதும் அதில் சேரும். பாய் விரித்தால்தான் பயிற்சி என்றில்லை.

மானிப்பாய், இப்போதுதான் படிக்கிறேன்:

செய்முறைக்கு ஒரு தாய் வேண்டும் என்று அலைந்து, பிள்ளை பிறந்து இருபது நாளான ஒருவரின் வீட்டுக்குப் போனேன். துடக்கு இன்னும் கழியவில்லை, 31ஆம் நாள் வரைக்கும் ஒன்றும் வேண்டாம் என்று மாமி கதவடியிலேயே சொல்லிவிட்டார். "எழும்பவே விடமாட்டன் மாமி, கட்டிலிலேயேதான்" என்றதும் விட்டார். ஆனால் கதிரையைப் போட்டு முன்னாலேயே இருந்துகொண்டார்.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, வயிறு வரை மூச்சு, ரீச்சர் மேலே எழுதிய வாளி. அவ்வளவுதான். வாளியை இழு என்றால் அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை, வீட்டில் மோட்டர் போட்டே வளர்ந்தவள். மாமிதான் கையால் இழுத்துக் காட்டினார். "நாங்கள் இழுத்த வாளிக்குக் கணக்கில்லை" என்றார்.

வெளிக்கிடும்போது வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, எனக்கும் தும்மினாப் போகுது. அம்பத்தெட்டு வயது. இப்ப தொடங்கினாலும் சரிவருமோ?" என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.