அக்கிலிஸ் அறுவைக்குப் பிறகு ஒற்றைக்காலில் குதிகால் முழுசா எழும்பலையா?

கேள்வி:
அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) தைத்து 10 மாதம். நடையில் குறையில்லை. ஒற்றைக்காலில் எம்பினால் குதிகால் பாதி உயரம்தான் போகுது, கெண்டைச் சதையும் மெலிந்தே இருக்கு. நீட்சிப் பயிற்சியைக் கூட்டலாமா?

பதில் 1:
வேண்டாம், அதுதான் வழக்கமான தப்பு. குப்புறப் படுத்து இரண்டு முழங்காலையும் 90 டிகிரி மடக்கி, பாதங்களைத் தளர்வா விடுங்க. தைத்த பக்கத்துப் பாதத்தின் விரல்முனை மற்றதைவிடத் தாழ்ந்து நின்றால், நாண் நீண்டு ஆறியிருக்கு. அப்போ தசை முழுக்கச் சுருங்கியும் குதிகால் உச்சிக்குப் போகாது. மேலும் இழுத்தால் இன்னும் மோசம்.

பதில் 2:
பலம்தான் வேணும். உட்கார்ந்து, தொடைமேல் எடை வைத்துக் குதிகாலைத் தூக்குங்க: 4 சுற்று, சுற்றுக்கு 8 தடவை, ஏற 3 விநாடி, இறங்க 3 விநாடி, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்கால் மடங்கியிருந்தால் கெண்டையின் அடித்தசையான சோலியஸுக்கு வேலை அதிகம். மெலிவு பெரும்பாலும் அங்கேதான். நின்று செய்யும்போது இரண்டு காலில் ஏறி, தைத்த காலில் மட்டும் இறங்குங்க. சமதரையில்தான், படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிடாதீங்க. எண்ணிக்கையைவிட உயரம் முக்கியம், சுவரில் டேப் ஒட்டி அளங்க. கால் கட்டைவிரல் தரையை இறுக்கிக் கவ்வினால், கெண்டையின் வேலையை விரல் தசை பிடுங்கிக்கொள்ளுதுன்னு அர்த்தம்.

பதில் 3:
நாண் தடிமனாவே இருக்கும், பயப்படாதீங்க. மறுநாள் காலையில் விறைப்பு கூடினால் எடையைக் குறைங்க. கெண்டை திடீர்னு வீங்கிச் சூடானால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்க.