லாப்ரடூடில் குட்டி வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசகி

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கிறோம். ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், என் மாமியார் ஆகியோர் வீட்டில் உள்ளனர். நாயின் அருகில் போனாலே மகனுக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருவதால், நாய் வளர்க்கும் ஆசையை இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்தோம். லாப்ரடாரும் பூடிலும் கலந்த இனமான லாப்ரடூடில் முடி கொட்டாது, ஒவ்வாமையும் தராது என்று ஒருவர் விளம்பரம் செய்திருக்கிறார். குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகிறதாம். முன்பணம் அனுப்பினால் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். மகள் படத்தைப் பார்த்து இப்போதே பெயர் வைத்துவிட்டாள். நம்பி வாங்கலாமா? நல்ல முறையில் வளர்த்த குட்டி என்பதை எப்படி அறிவது?

பதில் 1: பீனிக்ஸ் வாசகர்

சகோதரி, தயவுசெய்து முன்பணம் அனுப்பாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போல ஒரு கடைத்தொகுதியின் வாகன நிறுத்துமிடத்தில் குட்டியை வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கின. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற தொற்றுநோய் என்றார் மருத்துவர். ஆறு நாள் மருந்தேற்றியும் பிழைக்கவில்லை. விற்றவரின் தொலைபேசி எண் அதற்குள் செயலிழந்திருந்தது. பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்ற அந்தக் காலை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

இரண்டாம் முறை, குட்டிகள் பிறந்து வளரும் வீட்டுக்கே சென்றேன். சமையலறையை ஒட்டிய அறையில், வானொலி ஓசைக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவே அவை படுத்திருந்தன. விரித்திருந்த செய்தித்தாள் அப்போதுதான் மாற்றப்பட்டிருந்தது. தாய்நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை முகர்ந்துவிட்டு, மீண்டும் போய்ப் படுத்துக்கொண்டது. குட்டியின் குணத்தைவிடத் தாயின் குணத்தைத்தான் நான் அதிகம் கவனித்தேன். அந்நியரைக் கண்டு பதுங்கும் தாயிடம் வளரும் குட்டிகளும் பெரும்பாலும் அச்சத்தையே கற்றுக்கொள்கின்றன. நான் எடுத்த குட்டியைக் கைகளில் மல்லாக்கப் பிடித்தபோது சற்றே திமிறி, பிறகு அடங்கி, என் கட்டைவிரலை நக்கியது. வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், தீபாவளி வெடிச்சத்தத்தின்போது நாயை எங்கே வைப்பீர்கள் என்று குட்டிகளை வளர்த்த அம்மையார் அரைமணி நேரம் என்னை விசாரித்தார். அப்படி விசாரிப்பவரிடம் வாங்குங்கள். எட்டு வாரம் முடியுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

பதில் 2: பீட்டர்மரிட்ஸ்பர்க், கால்நடை மருத்துவமனை உதவியாளர்

ஒவ்வாமையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிள்களிலும் இருப்பதால், முடி குறைவாகக் கொட்டுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு நாய் ஒவ்வாமை தராது என்று யாராலும் உறுதி கூற முடியாது. 1980களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றிய வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவரின் கணவருக்கு ஒவ்வாமை இருந்ததால், லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு! மேலும், குட்டிப் பருவத்து மென்மயிர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாறிவிடும். ஆகவே அதே பெற்றோருக்கு முன்பு பிறந்து வளர்ந்துவிட்ட நாய்கள் இருந்தால், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மகனை அவற்றோடு பலமுறை பழகவிட்டுப் பாருங்கள்.

கலப்பினத்துக்கு நோயே வராது என்பதும் தவறு. இடுப்பு மூட்டுக் குறைபாடும், பார்வையை மெல்லப் பறிக்கும் பரம்பரை விழித்திரை நோயும் லாப்ரடார், பூடில் இரண்டிலும் உண்டு. பெற்றோர் இரண்டின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவுகளையும் மரபணுச் சோதனைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள்; தடுப்பூசி அட்டை மட்டும் போதாது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்நோய் இன்னும் இருப்பதால் அதில் சற்றும் தாமதம் கூடாது.

பதில் 3: டோங்காட் மூத்தவர்

அம்மா, முடி கொட்டாத நாய்க்கு முடியைச் சீவிவிடும் வேலை அதிகம். காதின் பின்னும் அக்குளிலும் சிடுக்கு விழுந்துவிட்டால் மொட்டையடிக்க வேண்டி வரும். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் தொங்கும் காதில் சீழ் பிடிக்கும். குளிப்பாட்டியதும் காதைத் துடைத்து உலர்த்துங்கள். அடர்ந்த சுருள்மயிரில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் தேட வேண்டும். இங்கே பிலியரி என்று சொல்லும் உண்ணிக்காய்ச்சல் வந்தால் ஈறு வெளுத்துவிடும். கண்டவுடன் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாய்நாயைப் பார்க்க வரலாமா என்று விளம்பரம் செய்தவரிடம் கேட்டேன். அது வேறு ஊரில் இருக்கிறது என்றார். அத்துடன் அவரை விட்டுவிட்டோம். பைன்டவுனில் ஒருவர், முந்தைய ஈற்றில் பிறந்து இப்போது மூன்று வயதாகும் நாயோடு மகனைப் பழகவிட ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை மகனை மட்டும் அழைத்துச் செல்கிறேன். மகள் வந்தால் குட்டியில்லாமல் திரும்ப முடியாது.