கடற்காகத்தின் வயதைச் சொல்ல ‘இறகுச்சுற்று’

வணக்கம் ஐயா,

கடற்காகத்தின் வயதைக் குளிர்காலத்தை வைத்துச் சொல்லாமல், இறகு உதிர்ந்து முளைக்கும் சுற்றை வைத்துச் சொல்லலாம் என்ற என் யோசனைக்கு நீங்கள் கேட்டது இது:

> ‘முதல் குளிர்காலம்’, ‘இரண்டாம் குளிர்காலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிய வழிதானே?

பழகிய வழிதான், ஆனால் வடகோளத்தில் பழகியது. தென்கோளத்தில் கூடு கட்டும் கெல்ப் கடற்காகத்துக்குக் குளிர்காலம் ஜூன், ஜூலையில் வருகிறது. ‘குளிர்காலப் பறவை’ என்று குறிப்பில் எழுதினால் எந்த மாதம் என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கும். நாட்காட்டி ஆண்டை வைத்து எண்ணுவது இன்னும் வேடிக்கை. டிசம்பரில் பொரித்த குஞ்சு, பறக்கப் பழகும் முன்பே ஜனவரி 1 அன்று ‘இரண்டாம் ஆண்டு’ ஆகிவிடும்!

தொலைநோக்கியில் நாம் பார்ப்பது மாதத்தை அல்ல, இறகை. ஒரு வயதை நெருங்கும் பெரிய கடற்காகம் ஒன்று சிறகை விரிக்கிறது என்று வையுங்கள். நுனிப் பக்கத்து முதன்மை இறகுகள் (பறக்க உதவும் நீண்ட இறகுகள்) வெயிலில் வெளுத்து, ஓரம் நைந்து, கூராக இருக்கும். அவற்றின் உள்கோடியில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். முதல் இறகு விழுந்த இடம் அது. அங்கிருந்து வெளிப்புறமாக ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைத்து, பத்தாவது இறகு வரை போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளி தெரிந்ததுமே பறவை இரண்டாம் சுற்றுக்குள் வந்துவிட்டது என்று எழுதலாம். 1959இல் பறவையியலாளர்கள் ஹம்ஃப்ரியும் பார்க்ஸும் வகுத்த முறையும் பருவத்தை விட்டு இறகுதிர்வைத்தான் பிடித்துக்கொண்டது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘பருவம்’ அழகுதான், ஆனால் பருவகாலம், இளமைப் பருவம் இரண்டும் கூடவே வந்து குழப்பும். ‘சுழற்சி’ என்றால் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பெரிய கடற்காகமோ நான்காம் ஆண்டில் முதிர்ந்த இறகுக்கோலம் எட்டும்வரை ஒவ்வொரு முறையும் வேறு கோலத்துக்குப் போகிறது. போட்டியில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்கிறோமே, அந்த முன்னேற்றம் இங்கே பொருந்துகிறது. அதனால் ‘இறகுச்சுற்று’. குறிப்பேட்டில் சு1, சு2 என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஒரு சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிராங்க்ளின் கடற்காகம் ஆண்டுக்கு இருமுறை முழுவதுமாக இறகு மாற்றும். ‘ஒரு முழு உதிர்வு ஒரு சுற்று’ என்று வரையறுத்தால் அதன் வயது இரட்டிப்பாகிவிடும். எனவே, இனப்பெருக்கக் காலம் முடிந்து வரும் உதிர்வில் தொடங்கி, மறுமுறை அதே உதிர்வு தொடங்கும்வரை ஒரு சுற்று என்று வரையறை எழுத வேண்டும். குஞ்சுக்கு மட்டும் முதல் இறகுகள் முளைப்பதே தொடக்கம்.

அப்புறம், மூன்றாம் சுற்றுக்கு வந்தால் ஒரே வயதுப் பறவைகளே ஒன்றுக்கொன்று நிறைய மாறுபடும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். காலில் அடையாள வளையம் மாட்டாத பறவையின் வயதை அடித்துச் சொல்ல முடியாது. அத்தகையவற்றுக்கு ‘மூன்றாம் சுற்றுச் சாயல்’ என்று எழுதலாமா? ‘வகை’ என்று போட்டால் இனத்தைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். ‘சாயல்’ ஒத்துவருமா, பார்த்துச் சொல்லுங்கள்.